தாங்கலும் தங்கேடும்

ஜீப்புல வர்றவன் எவனும் நமக்குக் குடுக்க வர மாட்டான், எடுக்கத்தான் வருவான். இது என் அனுபவம். அதனால எவன் வூட்டு முன்னால ஜீப்பு வந்து நின்னாலும் எனக்கு பயம்தான். அன்னிக்கி நின்னது எங்க வீதியில.

2007, ஆவணி மாசம். காலம்பர பத்து மணி இருக்கும். நான் வாசப்படியில ஒக்காந்து வேர்க்கடல ஒடச்சிக்கினு இருந்தேன். ஜீப்புலேர்ந்து ஒரு பொம்பள எறங்கனா. சுடிதாரு, தலையில தொப்பி, கழுத்துல அட்டை. முப்பது வயசு இருக்கும். பின்னாடியே ஒரு ஆளு, சேப்பும் வெள்ளையுமா கோடு போட்ட நீட்டுக் கட்டைய தூக்கிக்கினு எறங்கனான். அப்பால ஒரு மூணு காலு ஸ்டாண்டு. எனக்குப் புரிஞ்சி போச்சி. அளக்க வந்துட்டாங்க.

இன்னாத்துக்கு பயம்னு கேக்கலாம். சொல்றேன். எங்க நைனா, அவரோட நைனா, எல்லாம் அடுத்தவன் நெலத்துல கூலி. எங்க தெருவுல ஒருத்தன் பேர்லயும் நெலம்னு ஒரு காயிதம் இருந்ததில்ல. மொத காயிதம் தேவசேனான்னு என் பேர்லதான் வந்திச்சி. எங்க வூட்டுக்காரரு ஏகாம்பரம் எட்டு வருஷமா குவைத்துல டிரைவரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி வருவாரு, ரெண்டு மாசம் இருப்பாரு, பூடுவாரு. கொழந்த குட்டி இல்ல. அஸ்திவாரத்துலேர்ந்து மொட்ட மாடி வரிக்கும் மேஸ்திரி கூட மல்லுக்கு நின்னு இந்த வூட்ட எழுப்பனது நானு. பத்திரத்த ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அரிசி டின்னுக்குள்ள வெச்சிக்கினு கீறேன்.

எங்களுது ஆந்திரா பார்டரு. விஜயபுரத்துலேர்ந்து நகரி போற ரோட்ல, எங்க ஊரு தாண்டி ஒரு கிலோமீட்டர்ல நீலக் கலர் ஆர்ச்சு ஒண்ணு வரும். 'தங்கேடு நகர்'னு தெலுங்குல எழுதி இருக்கும். நாகபூஷணம்னு ஒருத்தரு 1999ல போட்ட பிளாட்டு. அப்போ எல்லாரும் பிளாட்டு போட்டுக்கினு இருந்த காலம். கடலக்காய் வெளஞ்ச காடெல்லாம் கல்லு நட்டு, கொடி கட்டி, மைக் வெச்சி வித்தாங்க. திருச்சானூர்ல லாட்ஜ் வெச்சிருக்கறவங்க, நகரியில தறி வெச்சிருக்கறவங்க, குவைத்துக்குப் போனவங்க, எல்லாரும் வந்து வாங்கனாங்க.

தங்கேடுன்னா தெலுங்குல ஆவாரஞ்செடி. ஆனா அந்த நகர்ல சல்லட போட்டு சலிச்சாலும் ஒரு ஆவாரஞ்செடி கெடைக்காது. ஏன் இல்லன்னு வாங்கனவங்க ஒருத்தரும் கேக்கல. எனக்குத் தெரியும். நான் சொல்லல.

அது தங்கேடு இல்ல, தாங்கல். எங்க பக்கத்துல சின்ன ஏரிய அப்பிடித்தான் சொல்லுவோம். நான் பாவாட கட்டிக்கினு இருந்தப்போ அந்தத் தாங்கல்ல கொறவ மீனு புடிச்சி துன்னிருக்கேன். கார்த்தி மாசத்துல கரை மேல நின்னு பாத்தா அந்தாண்ட பனமரத்துல பாதி தண்ணிக்குள்ள நிக்கும். அப்பறம் மழை கம்மியாச்சி, ஆளாளுக்கு போரு போட்டான், தாங்கல் காஞ்சி பல வருஷம் கட்டாந்தரையா கெடந்திச்சி. எப்பவோ எவனோ தமிழ் தெரியாத ஒருத்தன், எங்க ஆளுங்க வாயால தாங்கல்னு கேட்டு, தெலுங்குல தங்கேடுன்னு எழுதிக்கினு பூட்டான். தண்ணி நின்ன எடம் காயிதத்துல செடி மொளச்ச காடு ஆயிடுச்சி. அந்தக் காயிதத்த வெச்சித்தான் நாகபூஷணம் பிளாட்டு போட்டாரு.

ரிஜிஸ்டர் அன்னிக்கி எழுத்தரு 'தங்கேடு சேனு'ன்னு படிச்சாரு, ஆவாரங்காடாம். எனக்கு சிரிப்பு வந்திச்சி. முந்தானையால வாயப் பொத்திக்கினேன். எங்க ஊர்ல எங்க ஆளுங்களுக்கு எவனும் நெலம் விக்க மாட்டான். நாகபூஷணம் யாருன்னு கேக்காம வித்தாரு. எவனோ செஞ்ச எழுத்துப் பெசகுல எனக்கு ஒரு வூடு கெடைக்கிதுன்னா, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?

ஆனா நான் ஏமாளி இல்ல. பதினாலாம் நம்பர் பிளாட்டுதான் வோணும்னு கேட்டு வாங்கனேன். அது பழைய கரை மேல வருது. கரைய பாதி இடிச்சி, மிச்சத்து மேலயே அப்பால தார் ரோடு போட்டுட்டாங்க. ரோட்ட ஒட்டி, மேட்ல, என் வூடு. கரை மேல இன்னும் மூணு பிளாட்டு கீது. திருப்பதிக்காரங்க வாங்கி சும்மா போட்டுட்டாங்க, முள்ளு மொளச்சி கெடக்குது. மத்த வூடெல்லாம் கரைக்குக் கீழ, தாங்கல் வயித்துல.

அந்த வயித்துலயும் ஆழமான எடம் கரைய ஒட்டி மடை இருந்த எடம். அதுல இருந்தது கல்பனா.

கல்பனா நகரிப் பொண்ணு. தறிக்காரங்க. பவர்லூம் வந்து கைத்தறி படுத்தப்பறம் அவ புருஷன் கமலக்கண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ல ஏதோ கம்பெனிக்குப் பூட்டான், மாசத்துக்கு ஒருவாட்டி வருவான். அவ வூட்ல ஒரு குழித்தறி வெச்சிக்கினு நெய்வா. குழிக்குள்ள கால தொங்கப்போட்டு ஒக்காந்து நெய்யற தறி. ஒண்ணரை வயசுல ஒரு பொண்ணு. பாப்பா பாப்பான்னுதான் கூப்புடுவோம். அந்தப் பாப்பா காலம்பர கண்ணு முழிச்சா என் வூட்டுக்குத்தான் தவ்வித் தவ்வி ஏறி வரும். மூணு படி. ஒவ்வொரு படிக்கும் ஒருவாட்டி என்னப் பாத்து சிரிக்கும். நான் பெக்கல, அவ்ளோதான்.

அவ பிளாட்டு பாக்க வந்தப்போ இந்த வீதியில குடி இருந்தவ நான் ஒருத்திதான். சுத்தி கல்லும் முள்ளும். ராத்திரி நாய் கொலச்சா எழுந்து ஒக்காந்துக்குவேன். அவ என் வாசல்ல நின்னு, "அக்கா, மழை வந்தா இங்க வூட்டுக்குள்ள தண்ணி கிண்ணி வருமா?"ன்னு கேட்டா. நான் இன்னா சொன்னேன்? "எறும்பு குளிக்கக்கூட தண்ணி வராது, வாங்கு"ன்னு சொன்னேன். ஒத்தையில இருக்க பயம். வேற ஒரு காரணமும் இல்ல. அதுக்கப்பறம் நாலு வருஷமா எனக்கு பயம் ரெண்டே ரெண்டு. வூடு கைய விட்டுப் போகக்கூடாது. கல்பனாக்குத் தெரியக்கூடாது.

ஜீப்புல வந்தவ நேரா என் வாசலுக்குத்தான் வந்தா. பேரு பத்மினின்னு சொன்னா. இன்ஜினீரு. திருப்பதியில ஆபீசு. "அக்கா, வரத வஸ்தே நீள்ளு எந்தவரகு வஸ்தாயி?"ன்னு தெலுங்குல கேட்டுட்டு, என் மூஞ்சப் பாத்து தமிழுக்கு மாறிக்கினா. "வெள்ளம் வந்தா தண்ணி எது வரிக்கும் வரும்கா?"

"எதுக்குக் கேக்கறீங்க மேடம்?"

"எந்த ஊர்ல தண்ணி நிக்கும்னு காட்டற மேப்பு ஒண்ணு கீது. போட்டு நாப்பது வருஷம் ஆச்சு. அப்போ இங்க ரோடும் இல்ல, வூடும் இல்ல. அத இப்ப புதுசா போடறோம். மழை வந்தா யார மொதல்ல வெளிய கொண்டாரணும், எங்க கால்வா வெட்டணும்னு அத வெச்சித்தான் முடிவு பண்ணுவாங்க."

ஆஹா. எவ்ளோ அழகா காது குத்தறா பாருன்னு நெனச்சிக்கினேன். திருப்பதியில ரோடு அகலம் பண்ணப்போ இப்பிடித்தான் சிரிச்சிக்கினே வந்து சொவுத்துல சேப்பு பெயிண்ட்ல கோடு போட்டாங்களாம். அடுத்த மாசம் கோட்டுக்கு இந்தாண்ட வூடு, அந்தாண்ட மண்ணு. எங்க சித்தி மவ கடை அதுல போச்சி.

"இங்கியா? எறும்பு குளிக்கக்கூட தண்ணி வராது மேடம்"னேன்.

அவ எழுதிக்கினா. கங்கையான்னு அந்த ஆளக் கூப்ட்டு என் வாசப்படியில அந்தக் கட்டைய நிக்க வெக்க சொன்னா. அவ அந்தாண்ட ஸ்டாண்டு கிட்ட போயி ஒரு கண்ண மூடிக்கினு பொட்டிக்குள்ள பாத்து நம்பர் எழுதனா. "இது இன்னாத்துக்கு?"ன்னு கேட்டேன். மேடு பள்ளம் பாக்கறதாம். அதுக்குள்ள வெயிலு ஏறிடிச்சி. தண்ணி கேட்டா. தண்ணி கேட்டவளுக்கு இல்லன்னா சொல்ல முடியும்? மோர் குடுத்து உள்ள ஒக்கார வெச்சேன்.

அப்போ பாத்து குவைத்து போன் வந்திச்சி. வாரத்துக்கு ஒருவாட்டி வெள்ளிக்கெழம அவருக்கு லீவு. லைன்ல அவரு கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்றா மாதிரி இருக்கும், அதனால நான் கத்தித்தான் பேசுவேன்.

"யாரோ பேசற சத்தம் கேக்குதே?"ன்னாரு.

"ஆபீசுலேர்ந்து வந்துக்கினு கீறாங்கய்யா! தாங்கல அளக்கறாங்க!"

சொல்லிட்டு நாக்கக் கடிச்சிக்கினேன். நாக்குல சனி. எங்களுக்குள்ள எப்பவும் அப்பிடித்தான் பேசுவோம், தாங்கல் வூடு, தாங்கல்ல மோட்டார் ரிப்பேரு, தாங்கல்ல கரண்டு இல்லன்னு. போன வெச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, இந்தப் பொம்பள மோர் டம்ளர புடிச்சிக்கினு என்னையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கா.

"தாங்கல்னா இன்னாக்கா?"

நான் அவ டம்ளர்ல இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தனேன். "அதுவா மேடம்? தாங்கறது. எங்க வூட்டுக்காரரு நல்லா தாங்கற மாதிரி ஸ்ட்ராங்கா வூடு கட்னாரு. அதனால தாங்கல் வூடு."

"ஓ"ன்னா. சிரிச்சா. எழுதிக்கினா. எழுதறா மாதிரிதான் தெரிஞ்சிது, இன்னா எழுதனான்னு எட்டிப் பாக்கறதுக்குள்ள நோட்ட மூடிட்டா.

மூணு நாளு வீதி வீதியா அளந்தாங்க. நானும் வேலைய விட்டுட்டு பின்னாலயே சுத்தனேன். யாரு கிட்ட பேசறா, எவன் வூட்ல டீ குடிக்கிறா, எல்லாம் பாத்து வெச்சிக்கினேன். ரெண்டாவது நாளு நாகபூஷணம் ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னு அவ டீ குடிச்சா. சரிதான், ரெண்டு பேரும் கூட்டுன்னு முடிவு பண்ணேன். தண்ணி வர்ற எடம்னு மேப்புல போட்டு, எங்கள பயமுறுத்தி ஓட வெச்சி, பிளாட்ட திரும்ப அமுக்கப் பாக்கறாரு நாகபூஷணம். எவ்ளோ பெரிய ஆப்பு!

அன்னிக்கி சாய்ந்தரமே நாகபூஷணம் வீதிக்கு வந்தாரு. வெள்ள வேட்டி, ரெண்டு போனு. எல்லாரையும் என் வூட்டு முன்னால கூட்டி நிக்க வெச்சாரு.

"மும்பு பிராந்தம்னு மேப்புல போட்டுட்டா முடிஞ்சிச்சி. தெரியும் இல்ல, மும்புன்னா? முழுகிப் போற எடம். பேங்குக்காரன் லோன் குடுக்க மாட்டான். விக்க முடியாது. ஒரு நாளைக்கி இடிக்கவும் இடிப்பான். எல்லாரும் ஒரே பேச்சா பேசுங்க. தண்ணியே வந்ததில்ல. இன்னா தேவசேனா, நீ இந்த ஊருக்காரி, நீ சொல்லு. தண்ணி வந்து பாத்திருக்கியா?"

இருபது பேரு என் மூஞ்சப் பாத்தாங்க. கல்பனா பாப்பாவ இடுப்புல வெச்சிக்கினு மொத வரிசையில நின்னுக்கினு இருந்தா. அந்த ஆளு பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அந்த ஆளுக்கும் தெரியுமோன்னு ஒரு சந்தேகம். "பாத்ததில்ல"ன்னேன். அவரு சிரிச்ச சிரிப்பு எனக்குப் புடிக்கல.

எல்லாரும் போனப்பறம் கல்பனா என் கிட்ட வந்து கொரல எறக்கி, "அக்கா, நான் ஒண்ணு சொல்லிட்டேன், தப்பா?"ன்னா.

"இன்னா சொன்ன?"

"போன வருஷம் மழையில தறிக்குழிக்குள்ள தண்ணி ஊறிச்சில்ல? ரெண்டு நாளு மொண்டு மொண்டு ஊத்தனோமே. அத அந்த மேடம் கிட்ட சொல்லிட்டேன். கேட்டாங்க, பொய் சொல்ல வரல."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "அறிவு கீதாடி உனுக்கு? அது பைப்பு லீக்குன்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல? யாரு இன்னா கேட்டாலும் கொட்டிடுவியா? உன் வூடு போச்சின்னா பாப்பாவ தூக்கிக்கினு எங்க போவ?"ன்னு கத்தனேன். அவ கண்ணுல தண்ணி வந்துடுச்சி. "சாரிக்கா, எனக்கு வெவரம் பத்தல"ன்னா. என் கிட்ட மன்னிப்பு கேட்டா, பாருங்க. நான் உள்ள போயி ரெண்டு தோசை ஊத்தி பாப்பாவுக்கு ஊட்டி விட்டேன்.

அந்த மழையில நானும் அவளும் மாறி மாறி பக்கெட்டுல மொண்டப்போ அது பைப்பு தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும். சேறு வாசன வந்திச்சி. சின்ன வயசுல மீனு புடிச்சப்போ கையில ஒட்டற அதே வாசன. பாப்பா குழி ஓரத்துல ஒக்காந்து தண்ணிய தட்டித் தட்டி வெளையாடிக்கினு இருந்திச்சி. அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லல.

ஐப்பசி பொறந்திச்சி. மேப்பு ரெடி, ஸ்கூல்ல மீட்டிங்கு, எல்லாரும் வரணும், ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு தண்டோரா போட்டாங்க. நாகபூஷணம் நாலு ஆட்டோ வெச்சி எல்லாரையும் ஏத்திக்கினு வந்தாரு. கத்தறதுக்கு ஆளு வோணுமில்ல? நானும் தயாராத்தான் போனேன். பத்திரத்த அரிசி டின்லேர்ந்து எடுத்து பையில வெச்சிக்கினேன். கல்பனா என் பக்கத்துல ஒக்காந்தா. பாப்பா என் மடியில.

கரும்பலக மேல பெரிய மேப்பு தொங்கனுது. பூரா சேப்பு. ஆர்ச்சு தாண்டி உள்ள போற எல்லா வீதியும் சேப்பு. கூட்டத்துல குய்யோ முறையோன்னு சத்தம். நாகபூஷணம் எழுந்து, "எந்த ஆதாரத்துல போட்டீங்க? ரெகார்டுல தங்கேடு சேனுன்னு கீது. மேட்டுக்காடு. உங்க பழைய மேப்புலயே இங்க தண்ணி இல்ல!"ன்னு கத்தனாரு.

பத்மினி கத்தல. மைக்க கையில எடுத்தா.

"சார், நீங்க சொல்றது நெசம். பழைய மேப்பு போட்டவங்க நேர்ல வராம தங்கேடுன்னு பேர மட்டும் பாத்துட்டு, ஆவாரம் மொளைக்கிற எடத்துல தண்ணி எங்க நிக்கப்போவுதுன்னு விட்டுட்டாங்க. எனக்கும் மொதல்ல புரியல. அளந்து பாத்தா கிண்ணம் மாதிரி பள்ளம், பேரு மட்டும் தங்கேடு. ஒரு செடியக்கூட காணோம். இந்த ஊர்ல ஒருத்தவங்கதான் எனக்கு நெசமான பேர சொன்னாங்க."

நான் பையில கீற பத்திரத்த அமுக்கிப் புடிச்சிக்கினேன்.

"தேவசேனாக்கா. அவங்க தாங்கல்னு சொன்னாங்க. அர்த்தம் கேட்டேன், தமாஷா வேற ஏதோ சொன்னாங்க. எங்கம்மா திருத்தணி. அன்னிக்கே போன் பண்ணி கேட்டேன். தாங்கல்னா ஏரின்னாங்க. அப்பறம்தான் மடை எங்க இருந்திச்சி, கரை எங்க இருந்திச்சின்னு தேடி எல்லாம் சரியா பொருந்திச்சி. கரை மேல ரோடு போட்டதால தண்ணி வெளிய போவ வழி இல்ல. ரோட்டுக்குக் கீழ பெரிய கால்வா எடுக்க எழுதியிருக்கேன். யாரு வூட்டையும் இடிக்க மாட்டோம். இந்த வருஷம் மழை வலுத்தா, சேப்புல கீற வூட்டுக்காரங்க ஜாமான தூக்கி மேல வெச்சிட்டு இந்த ஸ்கூலுக்கு வந்துடணும். ஜீப்புல மைக் போட்டு சொல்லுவோம். இவ்ளோவும் அக்கா சொன்ன ஒரு வார்த்தையால. எல்லாரும் ஒருவாட்டி கை தட்டுங்க."

ஏழெட்டு பேரு தட்டனாங்க. இன்னா ஏதுன்னு புரியாமயே தட்டனாங்க. அந்தப் பொம்பள என்னப் பாத்து சிரிச்சா, பாவம், நெசமாவே சிரிச்சா. நான் ரெண்டு மாசமா சந்தேகப்பட்ட ஆளுங்கள்ல இவ ஒருத்தி மேல மட்டும் ஒரு தப்பும் இல்ல. டீ குடிக்க வெச்சி பேரம் பேசப் பாத்தது நாகபூஷணம்தான், அவ டீய மட்டும் குடிச்சிட்டு வந்துட்டான்னு கங்கையா அப்பால சொன்னாரு.

கல்பனா கை தட்டல. எழுந்து மேப்பு கிட்ட போனா. தறிக்காரி, நூலு பிசகினா தூரத்துலேர்ந்தே கண்டுபுடிக்கிற கண்ணு அவளுக்கு. வெரல வெச்சி வீதிய தேடனா. அவ வூடு கண்டுபுடிச்சா. மத்த எடத்த விட அங்க சேப்பு அழுத்தமா இருந்திச்சி. அங்கேர்ந்து வெரல கொஞ்சம் மேல நவுத்தனா. சேப்புக்கு ஓரமா நீட்டா ஒரு வெள்ளப் பட்ட. அதுல நாலு கட்டம். நாலுல ஒண்ணுல மட்டும் வூடுன்னு கோடு போட்டிருந்தாங்க. பதினாலாம் நம்பரு. வெரல அங்கயே வெச்சிக்கினு திரும்பி என்னப் பாத்தா.

நான் பாப்பா தலையத் தடவிக்கினு குனிஞ்சிக்கினேன்.

ஆட்டோவுல திரும்பி வரப்போ பாப்பா என் தோள்லயே தூங்கிடிச்சி. எங்க வீதி முனையில எறங்கனதும் கல்பனா கேட்டா.

"அக்கா, நான் பிளாட்டு பாக்க வந்தப்போ உங்கள ஒண்ணு கேட்டேன். ஞாபகம் கீதா?"

"கல்பனா, நான்..."

"எறும்பு குளிக்கக்கூட தண்ணி வராதுன்னு சொன்னீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியும் இல்ல?"

எவ்ளோ பேசற வாயி எனக்கு! மேஸ்திரிய, ஆபீசர, நாகபூஷணத்த, எல்லாரையும் கேள்வி கேட்ட வாயி. "ஒத்தையா இருக்க பயமா இருந்திச்சிடி"ன்னு நெசத்த சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவ பாப்பாவ என் தோள்லேர்ந்து வாங்கிக்கினா. தூங்கற கொழந்தைய முழிக்காம பூப்போல வாங்கிக்கினா. கத்தல, திட்டல. திட்டியிருந்தா நான் காலுல வுழுந்திருப்பேன்.

அதுக்கு ஆறாம் நாளு மழை புடிச்சிது. மூணு நாளு வுடல. நாலாம் நாளு காலம்பர ஒம்பது மணிக்கி அந்த ஆபீசு ஜீப்பு வந்திச்சி. கங்கையா மைக்குல கத்தனாரு, எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்க, எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்கன்னு. நான் மாடியில ஏறி நின்னு பாத்தேன். தாங்கல் திரும்பி வந்துக்கினு இருந்திச்சி. மூணாவது வீதி, ரெண்டாவது வீதின்னு ஒவ்வொண்ணா முட்டி ஆழம், தொட ஆழம். சின்ன வயசுல பாத்த அதே பழுப்புத் தண்ணி. கல்பனா வூட்டு வாசல்ல தொட்டிச் செடி மெதந்துக்கினு இருந்திச்சி. தறிக்குழி இந்நேரம் ரொம்பியிருக்கும். ராத்திரியில வந்திருந்தா, சொல்ல ஆளில்லாம இருந்திருந்தா, அந்தப் பாப்பா... அதுக்கு மேல நெனைக்க முடியல.

என் வூட்டு மொதப் படியக்கூட தண்ணி தொடல. நான் கீழ எறங்கி ஓடியாந்து ஒரு படி அரிசி ஒலையில போட்டேன். ரெண்டு ரூமையும் பெருக்கி பாய் விரிச்சேன். ஸ்கூலு ஒரு கிலோமீட்டரு, என் வூடு பத்தடி. எல்லாரும் இங்கதான் வருவாங்க, வரட்டும், துன்னட்டும், ஏசறவங்க ஏசட்டும்னு கதவ ரெண்டு பக்கமும் தொறந்து வெச்சிட்டு படியில நின்னேன்.

வந்தாங்க. மூட்டையும் முடிச்சுமா, நனஞ்சிக்கினு, என் வாசல் வழியாத்தான் ரோட்டுக்கு ஏறியாகணும், வேற வழி கெடையாது. "உள்ள வாங்க, உள்ள வாங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கேன்"னு ஒவ்வொருத்தரையா கூப்ட்டேன். மூஞ்ச திருப்பிக்கினு போனவங்க சில பேரு. "பரவால்லம்மா"ன்னு சொன்னவங்க சில பேரு. ஒருத்தரும் நிக்கல.

கடைசியில கல்பனா வந்தா. தலையில நூல் மூட்ட, இடுப்புல பாப்பா. நான் மழையில எறங்கி அவ எதுர்ல நின்னேன்.

"கல்பனா, என்ன அடி, செருப்பால அடி. ஆனா உள்ள வாடி. பாப்பா நனையிது."

பாப்பா என்னப் பாத்ததும் சிரிச்சிக்கினே ரெண்டு கையையும் நீட்டுச்சி. கல்பனா பாப்பாவ அந்தாண்ட இடுப்புக்கு மாத்திக்கினா.

"நாங்க ஸ்கூலுக்குப் போறோம்மா"ன்னா.

அக்கான்னு சொல்லல. அம்மான்னா. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரிய கூப்புடறா மாதிரி. பாப்பா ரோட்டுல ரொம்ப தூரம் போற வரிக்கும் என் பக்கம் திரும்பி அழுதுக்கினே போச்சி.

மத்தியானம் மூணு மணிக்கு மழை கொஞ்சம் விட்டுது. வூட்டுக்குப் பின்னால பூராவும் தண்ணி, முன்னால ஆளில்லாத ரோடு. ஒரு படி சோறு அப்பிடியே கீது. நாய் கூட இல்ல. அப்போ குவைத்துலேர்ந்து போன் வந்திச்சி. டிவியில பாத்தாராம்.

"தேவசேனா! தாங்கல்ல தண்ணியாமே! நம்ம வூட்டுக்குள்ள வந்துச்சா?"

"இல்ல. ஒரு சொட்டு வரல."

"அப்பாடா! நல்ல எடமா பாத்து வாங்கன, நீ கெட்டிக்காரிடி. பயந்துக்கினு ஒத்தையில ஒக்காந்திருக்கியோன்னு பாத்தேன். கல்பனா உன் கூட கீதில்ல?"

நான் தொறந்து கெடந்த கதவ பாத்தேன்.

"கீது"ன்னு சொன்னேன். "பாப்பாவும் கீது. இப்பதான் துன்னிட்டு தூங்குது."